நாலு விரல் குட்டை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஆரோக்கியசாமியை முடிச்சும் கையுமாக நிறுத்திவிட்டுப் போனதற்காக என்னை ஏசாத ஆள் இல்லை. "அந்தப் பாவியை லேசில் விட்டுவிடாதீர்கள்" என்று அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு அம்மாள் என்னை வழிமறித்தே சொன்னாள். விட மாட்டேன் அம்மா. ஆனால் ஒன்று, எனக்கு ஆரோக்கியசாமியைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இத்தனை கோபமும் வருகிறது.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் வெற்றிலை போட்டுக்கொண்டு வாருங்கள்.

பூந்தமல்லி ரோட்டு மேலிருக்கிற சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆரோக்கியசாமி தச்சு மேஸ்திரி. கதவு தொங்கினால், ஜன்னல் சாத்தாவிட்டால், கட்டில் கால் ஆடினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கால் ஒடிந்தவர்கள் கக்கத்தில் வைத்து நடக்கிற தாங்குகட்டையும் அவன் கையால்தான் வரும். அவன் மனைவி லூர்தம்மாள் திருமழிசைக்குப் போய்த் திரும்பும் வழியில் மாட்டு வண்டி சாய்ந்து, தொடை எலும்பு முறிந்து, அதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்துக் கிடந்தாள். அவள் கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி வைத்திருந்த மரக்கட்டைகள்கூட ஆரோக்கியசாமி அறுத்தவைதான். அதை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. இதையெல்லாம் மறக்கிற ஆள் அவன் இல்லை.

இரண்டாவது தச்சன் ஜேசுராஜ், லூர்தம்மாளின் தம்பி. யுத்தம் வந்த பிறகு ஆவடியில் பட்டாளத்துக்காரர்களுக்குக் கொட்டகை போடும் வேலையில் இருந்தவன். "நம்ம புள்ளம்மா, கை சுத்தம்" என்று மேட்ரன் அம்மாவிடம் சொல்லி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதே ஆரோக்கியசாமிதான். சேர்த்து ஒரு மழைக்காலம் போகவில்லை. எங்கே பார்த்தாலும் ஜேசு, ஜேசு, ஜேசு. பழைய லாரி டயரை அறுத்துத் தாங்குகட்டைக்கு அடியில் ரப்பர் வைத்தானாம், வழுக்கவே இல்லையாம். கைப்பிடியைக் கண்ணாடி மாதிரி இழைத்தானாம். "சின்ன மேஸ்திரி செய்யட்டும்" என்று நோயாளிகளே கேட்க ஆரம்பித்தார்கள். ரப்பர் வைக்க எனக்குத் தெரியாதா, வைக்கவில்லை, அவ்வளவுதானே என்று ஆரோக்கியசாமி மரம் இழைக்கிற இழைப்புளியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எலும்பு கூடிவிட்டது, எழுந்து நிற்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு லூர்தம்மாள் வார்டிலிருந்து சொல்லியனுப்பினாள்: "எனக்கு எந் தம்பி செய்யட்டும்."

கட்டின புருஷன் அதே ஆஸ்பத்திரியில் பெரிய மேஸ்திரி. அவள் தம்பியைக் கேட்டாள்.

இனிமேல்தான் நூல் வருகிறது. பெண்கள் வார்டுக்குள் தச்சன் காலை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் பெண்களுடைய அளவு நூலில்தான் வெளியே வரும். ஆயா நாகம்மாள், படுத்திருப்பவளின் கக்கத்திலிருந்து குதிகால் வரைக்கும் நூலைப் பிடிப்பாள். குதிகால் வருகிற இடத்தில் ஒரு முடிச்சு விழும். நூலைக் கொண்டுவந்து தச்சுக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். அந்த நீளத்துக்குக் கட்டையை அறுக்க வேண்டியது.

லூர்தம்மாள் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் நடந்தது. "நீ கட்டினா பாதி வழியில அவுந்துடும் நாகம்மாக்கா, குடு இப்டி" என்று நூலை வாங்கி முடிச்சைப் போட்டது அவளேதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாதா கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்த கை அது. இந்த விஷயம் அந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும்.

ஜேசுராஜ் சாப்பிடப் போன நேரத்தில் ஆரோக்கியசாமி அந்த நூலை ஆணியிலிருந்து எடுத்தான். முதலில் அதன் சரியான நீளத்தைத் தன் முழக்கோலில் குறித்துக்கொண்டான். பிறகு முடிச்சை அவிழ்த்து, நாலு விரல் மேலே தள்ளிக் கட்டி, மறுபடி ஆணியில் மாட்டினான். போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

அவன் போட்ட கணக்கு இது. ஜேசுராஜ் செய்கிற கட்டை குட்டையாக இருக்கும். லூர்தம்மாள் அதை வைத்து ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, 'இது ஆவாது' என்பாள். உடனே இவன் சரியான அளவில் செய்து மறைத்து வைத்திருக்கிற ஜோடியை நீட்டுவான். வார்டே பார்க்கும், மேட்ரன் பார்ப்பாள், முக்கியமாக லூர்தம்மாள் பார்ப்பாள். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பொறாமைக்காரன் போடுகிற கணக்கில் எல்லாரும் அவன் நினைத்தபடியே நடந்துகொள்வார்கள்.

இனி இந்த வாரம்.

*

சனிக்கிழமை காலையில் ஆரோக்கியசாமி வேலப்பன்சாவடியிலிருந்து நடந்தே வந்தான். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற யுத்தகாலத்து பஸ் அன்றைக்கும் வழியில் நின்றுபோயிருந்தது. வீட்டில் அடுப்பு மூட்டி வெகு நாளாகிவிட்டது. ஒரே மகள் சகாயமேரியைத் திருவள்ளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பழைய சோற்றைப் பிழிந்து தின்றுவிட்டு வருகிறவனுக்கு ஒரே ஒரு நினைப்புதான்: இன்றைக்கு லூர்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வரலாம். டாக்டரம்மா சொல்லியிருந்தாள்: கட்டிலிலிருந்து வராந்தாக் கதவு வரைக்கும் தானாக நடந்து காட்டினால் இன்றைக்கே போகலாம். தடுமாறினால் மறுபடி படுக்கை, மறுபடி காலில் எடை. புதுக் கேஸ் வந்துகொண்டே இருக்கிறது, இன்னொரு தடவை எலும்பு விலகினால் கால் கோணலாகத்தான் கூடும் என்றும் சொல்லியிருந்தாள்.

கொட்டகையில் ஜேசுராஜ் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தான் அந்த ஜோடியை. பூவரச மரம். கைப்பிடி வழவழவென்று இருந்தது. கக்கத்தில் படுகிற இடத்தில் பஞ்சு வைத்து, மேலே வெளுத்த நீலப் புடவைத் துண்டு ஒன்றைச் சுற்றித் தைத்திருந்தான்.

"எங்கம்மா பொடவ மாமா" என்றான் ஜேசுராஜ். "பொட்டில கெடந்துச்சு. அக்காவுக்கு மெத்துனு இருக்கட்டும்னு வெச்சேன்."

ஆரோக்கியசாமி அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தான். மாமியார் புடவை! அது அவனுக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருந்தாலும் புடவைக்கு எங்கே போவான்? அவன் செய்த ஜோடியில் மேலே வெறும் சாக்குத் துணிதான் இருந்தது. பலகை அடுக்குக்குப் பின்னால் கிடந்த அந்த ஜோடியை நினைத்தால் இப்போது அவனுக்கே எரிச்சலாக வந்தது.

"மாமா, ஒரு தபா பாருங்களேன்" என்று ஜேசுராஜ் எழுந்தான். கட்டையை எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான். "எனக்கு இன்னாமோ குட்டையா தெரியுது. அக்கா எம்மாம் ஒசரம்? என் காதுக்கு வரும்ல?"

நல்லவர்களே, கடவுள் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். காலங்கார்த்தாலே, கையும் கட்டையுமாக, கேள்வியும் அவனே கேட்டுக் கொடுத்தான். "ஆமாண்டா, குட்டைதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆரோக்கியசாமியின் வாய் திறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

"நூலு இன்னா சொல்லுது?" என்றான்.

"நூலுக்குச் சரியாத்தான் கீது மாமா. மூணு வாட்டி வெச்சிப் பாத்துட்டேன்."

"அப்பால இன்னாடா? உனக்கு முத நாளே இன்னா சொன்னேன்? கண்ண நம்பாத, நூல நம்பு. படுத்துகினு கெடந்த ஒடம்பு, ஒடிஞ்ச காலு. நின்னப்ப இருந்த ஒசரமே இருக்கும்னு உனக்கு யாரு சொன்னது?"

"அதான் மாமா. நீங்க சொன்னா சரி."

ஜேசுராஜின் முகம் தெளிந்துவிட்டது. மாமா சொல்லிவிட்டார், பிறகென்ன? மேல்துண்டால் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தான். அதைப் பார்க்கப் பார்க்க ஆரோக்கியசாமிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கொஞ்சம் சந்தேகப்படக் கூடாதா இந்தப் பயல்? தன்னை இப்படி நம்புகிறவன்மேல் பொறாமைப்படுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் பொறாமை நிற்கவில்லை.

*

பெண்கள் வார்டின் வராந்தாக் கதவருகே மேட்ரன் அம்மா ஒரு கோடு கிழித்தாற்போல் கையை நீட்டினாள். "ரெண்டு மேஸ்திரியும் இங்கேயே நிக்கணும். உள்ளே ஒரு கால் வரக் கூடாது. தெரிஞ்சுதா?" வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பெரம்பூர்த் தாய்க்கும் பிறந்தவள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் தடுமாறும்.

ஆரோக்கியசாமி தன் ஜோடியைச் சாக்கில் சுற்றி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு நின்றான். பழுதான ஜன்னல் சட்டம் என்று ஜேசுராஜிடம் சொல்லியிருந்தான்.

வார்டின் கோடியில் லூர்தம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறவள், இளைத்துத் துரும்பாகியிருந்தாள். தலையை வாரி முடிந்து, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயா நாகம்மாள் தம்பி செய்த கட்டைகளைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள்.

லூர்தம்மாள் முதலில் கட்டையைப் பார்க்கவில்லை. புடவைத் துண்டைப் பார்த்தாள். தடவினாள். பிறகு நிமிர்ந்து வார்டு நீளம் முழுவதையும் தாண்டிக் கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு யாருக்கு? கதவில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆரோக்கியசாமிக்கு அதில் சந்தேகமே இல்லை, தம்பிக்குத்தான். என்னைப் பார்த்து இப்படிச் சிரித்து எத்தனை வருஷமாகிறது என்று யோசித்தான். சிரி, சிரி, இன்னும் ஒரு நிமிஷம் என்று நினைத்தான்.

"எய்ந்திரு தாயி" என்றாள் நாகம்மாள்.

எழுந்தாள். லூர்தம்மாள் கட்டைகளைக் கக்கத்தில் வைத்து ஊன்றினாள். ஊன்றியவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோள் இரண்டும் கீழே போய், உடம்பு முன்னால் வளைந்தது. ஒடிந்த கால் தரையில் படக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. குனிந்த உடம்பில் அந்தக் கால் தரையை உரசியது.

'சொல்லு' என்று ஆரோக்கியசாமி மனசுக்குள் சொன்னான். 'ஆவாதுன்னு சொல்லு லூர்து.' அவன் கை கதவுக்குப் பின்னாலிருந்த சாக்கை நோக்கிப் போய்விட்டது.

"நேரா நில்லு, நேரா!" என்றாள் மேட்ரன். "எப்டி இருக்கு?"

"நல்லா கீதும்மா" என்றாள் லூர்தம்மாள். "எந் தம்பி செஞ்சது. எனக்குத்தான் இன்னும் பயக்கம் வரல."

ஆரோக்கியசாமியின் கை அப்படியே நின்றது.

அவன் கணக்கில் இது இல்லை. இருபது வருஷமாகக் கூட வாழ்ந்தவன், இது ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். தம்பி முகம் வாடுகிற காரியத்தை அவள் செய்ய மாட்டாள். மேட்ரன் எதிரே, வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'என் தம்பி செய்த கட்டை குட்டை' என்று அவள் வாயிலிருந்து வராது. அதற்குப் பதில் நடப்பாள். வளைந்துகொண்டே கதவு வரைக்கும் நடந்துவிடுவாள்.

நடந்தாள். முதல் கட்டில் தாண்டினாள். அடுத்தது தாண்டினாள். ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்னால் சாய்ந்து, ஒடிந்த கால்மேல் பாரம் இறங்கி, அவள் கஷ்டப்பட்டு மீட்டுக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. பக்கத்திலிருந்த ஜேசுராஜ், "பாருங்க மாமா, அக்கா நடக்குது!" என்று குழந்தை மாதிரி கையைத் தட்டினான்.

ஆரோக்கியசாமிக்கு அந்த நிமிஷம்கூட என்ன தோன்றியது தெரியுமா? பயமா? பயம் அப்புறம்தான். முதலில் தோன்றியது, 'இவனுக்காக இவ்வளவு பொறுத்துக்கொள்கிறாளே, எனக்காக இப்படிப் பொறுப்பாளா' என்பது. சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

பிறகு அவள் உதட்டைப் பார்த்தான். பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"நில்லு லூர்து!" என்று கத்திக்கொண்டே வார்டுக்குள் ஓடினான். "நடக்காத! கட்டை குட்டையா கீது! நின்னுடு!"

வார்டில் பெண்கள் புடவையை இழுத்து மூடிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் லூர்தம்மாள் திரும்பினாள், ஒரு கட்டை வழுக்கியது. அவள் விழுவதற்கு முன்னால் அவன் போய் அவள் இடுப்பைப் பிடித்துவிட்டான். இருவருமாகப் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தார்கள்.

"மேஸ்திரி! எப்டி உள்ளே வந்தான் நீ?" மேட்ரன் முகம் சிவந்து வந்து நின்றாள்.

"கட்டை குட்டம்மா. ஒடிஞ்ச காலு தரையில படுது. பாருங்க."

மேட்ரன் பார்த்தாள். கட்டையை வாங்கி லூர்தம்மாளை நாகம்மாள்மேல் சாய்த்து நிற்கவைத்துப் பக்கத்தில் வைத்தாள். கக்கத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஜேசு!"

அந்தப் பெயரை அவள் இப்படிச் சொல்லி ஆரோக்கியசாமி கேட்டதே இல்லை. எத்தனையோ நாளாகக் கேட்க ஆசைப்பட்டது இதுதான். கேட்டாகிவிட்டது. சந்தோஷம் எங்கே என்று தேடினான். காணவில்லை.

ஜேசுராஜ் கொட்டகைக்கு ஓடி நூலை எடுத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே நின்று, மேட்ரன் கொண்டுவந்து நீட்டிய கட்டைமேல் வைத்துக் காட்டினான். முடிச்சு சரியாக அடியில் வந்து நின்றது. "நூலுக்குத்தாம்மா அறுத்தேன். பாருங்கம்மா. ஒரு நூலளவு வித்தியாசம் இல்லம்மா."

மேட்ரன் நூலை வாங்கிப் பார்த்தாள். பிறகு நாகம்மாளைப் பார்த்தாள். "அளவு எடுத்தது நீ."

"நான் சரியாத்தாம்மா புடிச்சேன்" என்றாள் நாகம்மாள். முடிச்சைப் போட்டது யாரென்று காட்டிக்கொடுக்கவில்லை. புருஷன் இல்லாதவள், ஆஸ்பத்திரிக் கஞ்சியில்தான் அவளும் அவள் தாயும் உயிர் வாழ்கிறார்கள். "மாதாவே சாட்சி, குதிகால் வரைக்கும் புடிச்சேன்மா."

"ஒரு பேஷண்டு கால் போயிருக்கும். நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

நாகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாருக்கும் கெடுதல் இல்லை என்றல்லவா நினைத்தான்? சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நான் கத்துகிறேன். ஜேசுராஜ் எதிரே நிற்கிறானே. மேட்ரன் எதிரே சொல்லிவிடலாம், வேலை போனாலும் போகட்டும். அந்தப் பையன் எதிரே, 'உன்மேல் பொறாமைப்பட்டேன்' என்று எப்படிச் சொல்வது?

"அந்த நூல இப்டி குடுங்கம்மா" என்றாள் லூர்தம்மாள்.

வாங்கினாள். முடிச்சைப் பார்த்தாள்.

பூக்கட்டுகிறவள் போடுகிற முடிச்சு ஒரே சுற்று, சட்டென்று விழும். இது இரண்டு சுற்று. நுனியைத் திருப்பி உள்ளே செருகி, பல்லால் இழுத்து இறுக்கியது. அவளுக்குத் தெரியாத முடிச்சா? ரம்பத்தின் சாக்கு உறையில் பார்த்த முடிச்சு. கஞ்சித் தூக்கின் மூடியில் பார்த்த முடிச்சு. சகாயமேரி குழந்தையாகத் தூங்கிய ஏணைக் கயிற்றில், அவிழவே கூடாதென்று அவன் போட்டு, ராத்திரியில் எழுந்து இழுத்துப் பார்த்த முடிச்சு. அதற்கு நாலு விரல் கீழே, நூலில் ஒரு மெல்லிய நெளிவு இருந்தது. அவளுடைய முடிச்சு இருந்த இடம் அது.

லூர்தம்மாள் தம்பியைப் பார்க்கவில்லை. நாகம்மாளையும் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாகம்மாக்கா மேல தப்பு இல்லம்மா" என்றாள் அவள் மேட்ரனிடம். "முடிச்சு போட்டது நானு. அவங்க சரியாப் புடிச்சித்தான் காமிச்சாங்க. நான்தான் வாங்கி, படுத்துகினே கட்டினேன். எடம் மாறிப்போச்சு. என் தப்பும்மா."

"நீயா? பேஷண்டு ஏன் கட்டுறது?"

"பூக்கட்டுற திமிருமா. மன்னிச்சிக்கோங்க."

மேட்ரன் ஏதோ இங்கிலீஷில் முணுமுணுத்தாள். நாகம்மாளை எழுந்திருக்கச் சொன்னாள். பிறகு, "சரி, படு. மறுபடி எடை கட்டணும். அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றாள்.

"அம்மா" என்றான் ஆரோக்கியசாமி. "இன்னொரு ஜோடி கீதும்மா. நான் செஞ்சது."

கதவுக்குப் பின்னாலிருந்த சாக்கைப் பிரித்துக் கொண்டுவந்தான். மேட்ரன் புருவத்தைத் தூக்கினாள். "இது எப்போ செய்தது? எந்த அளவுக்கு?"

லூர்தம்மாள்தான் சொன்னாள்: "பொண்டாட்டி ஒசரம் தெரிய அவருக்கு நூலு எதுக்கும்மா?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேட்ரன்கூடச் சிரித்துவிட்டாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்.

லூர்தம்மாள் அவன் செய்த கட்டைகளை வாங்கிக் கக்கத்தில் வைத்து ஊன்றினாள். நிமிர்ந்து நின்றாள். ஒடிந்த கால் தரைக்கு மேலே நின்றது. நடந்தாள். கட்டில் கட்டிலாகத் தாண்டி, யாரையும் பிடிக்காமல் வராந்தாக் கதவு வரைக்கும் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"வெரி குட், மேஸ்திரி!" என்றாள் மேட்ரன். "இன்னைக்கு நீ இல்லேன்னா இவ விழுந்திருப்பா."

"பெரிய மேஸ்திரி கையே கை" என்றாள் ராஜம்மா.

ஜேசுராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். "எனக்கு அப்பவே குட்டையாத் தெரிஞ்சுது மாமா. ஆனா நீங்க ஒரே பார்வையில புடிச்சிட்டீங்க. நான் இன்னும் எவ்ளோ கத்துக்கணும்."

ஆறு மாசமாக எதற்கு ஏங்கினானோ அத்தனையும் ஒரே காலையில் கிடைத்துவிட்டது. ஆரோக்கியசாமி அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான்.

*

வெயில் ஏறியதும் துலுக்கானத்தின் ஒற்றை மாட்டு வண்டி ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வந்து நின்றது. ஜேசுராஜ் ஏற்பாடு செய்தது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தான். லூர்தம்மாள் ஆரோக்கியசாமி செய்த கட்டைகளோடு நடந்து வந்தாள். அதில் ஒரு மாறுதல் இருந்தது. சாக்குத் துணியைப் பிரித்தெறிந்துவிட்டு, தம்பி தைத்த நீலப் புடவைத் துண்டை எடுத்து இந்தக் கட்டையின் தலையில் சுற்றியிருந்தாள். ஆரோக்கியசாமி அதைப் பார்த்தான். இத்தனை நடந்த பிறகும் அவனுக்குச் சுருக்கென்றது.

ஜேசுராஜ் அக்காவின் துணி மூட்டையை எடுக்க வார்டுக்குத் திரும்ப ஓடினான். துலுக்கானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். அவளை வண்டியில் ஏற்றி உட்காரவைத்தான் ஆரோக்கியசாமி.

"துலுக்கானத்துகிட்ட சொல்லிட்டேன்" என்றான். "வேலப்பன்சாவடிக்கு மெதுவா ஓட்டச் சொல்லி. ஊட்ல காலைலயே பெருக்கி வெச்சிட்டேன்."

"நான் முத்தாபுதுப்பேட்டைக்குப் போறேன்" என்றாள் லூர்தம்மாள். "தம்பி ஊட்டுக்கு."

"லூர்து..."

"சத்தம் போடாதீங்க. அவன் வந்துடுவான்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "எதுக்குங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் குனிந்து வண்டிச் சக்கரத்தின் கடையாணியை அழுத்திப் பார்த்தான். "நீ அவனக் கேட்ட" என்றான் கடைசியில். "நான் ஒருத்தன் இங்க கீறேன். நீ அவனக் கேட்ட."

லூர்தம்மாள் அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

"அவன் நேத்து வந்தவன். அக்காவுக்குச் செஞ்சான்னு நாலு பேரு சொன்னா, அவன் வேல நெலைக்குமேன்னு கேட்டேன். நீங்கதான் சேத்து வுட்டீங்க, உங்களுக்கும்தான் பெருமைன்னு நெனச்சேன். உங்களுக்கு இல்லாத பேரா? இந்த ஆஸ்பத்திரியில நீங்க அறுத்த கட்டையில படுக்காதவங்க யாரு கீறாங்க? நான் படுத்துகினு இருந்தது எதுமேல? தெனம் அத்த நெனச்சிக் கும்புட்டுட்டுதான் தூங்குனேன்."



"கட்ட நல்லா கீது" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது எனக்கு வோணும், எடுத்துகினு போறேன். இது எனக்கு வேணாம்."

முந்தானை முனையை அவிழ்த்து நூலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"மேட்ரன்கிட்ட நான் சொன்னது நாகம்மாக்காவுக்காக. உங்களுக்காக இல்ல. எந் தம்பி எதிர்ல இத்த அவுத்துக் காமிங்க. நான் கட்டின எடத்துல திரும்பக் கட்டுங்க. எந்த எடம்னு நூல்லயே தெரியுது. கட்டிட்டு வாங்க, அன்னிக்கு ஊட்டுக்கு வர்றேன்."

ஜேசுராஜ் மூட்டையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "போலாமா அக்கா?"

"எந்தப் பக்கம்?" என்று துலுக்கானம் மாட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டான்.

"முத்தாபுதுப்பேட்டை" என்றாள் லூர்தம்மாள். "கொஞ்ச நாளைக்கு ஆள் தொண வோணும்ல. மாமாவுக்கு வேல கீது."

ஜேசுராஜுக்கு ஒரே சந்தோஷம். வண்டியில் தாவி ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கால் ஆடாமல் இருக்கத் தன் தோளைக் கொடுத்தான். அவள் அதில் சாய்ந்துகொண்டாள். ஆரோக்கியசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்களும் வாங்களேன் மாமா" என்றான் ஜேசுராஜ். "கையில இன்னா அது? நூலா?"

லூர்தம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடா" என்றான் ஆரோக்கியசாமி. விரல்கள் மூடிக்கொண்டன. "பழைய நூலு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி நகர்ந்து, ரோட்டைத் தாண்டி, வடக்கே ஆவடிப் பக்கம் திரும்பியது.

அது மறைந்த பிறகு அவன் கையைத் திறந்தான். முடிச்சை நகத்தால் நிமிண்டினான். பல்லில் வைத்துக் கடித்து இழுத்துப் பார்த்தான். அவிழவே கூடாதென்று அவனே போட்ட முடிச்சு, அது வரவில்லை.